பதினான்காம் நடைமேடைவரை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தையல் மேசையின் மேல் ஒரு பழைய ரேடியோவைக் குப்புறக் கிடத்தி, முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, மைக்கம்மா அதிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பல் பிடுங்குகிற வேலை இல்லை இது. ஆறிய காயத்தில் தையல் பிரிக்கிற வேலை. இடது கையில் மூக்குக் குறடு; அது டிரான்சிஸ்டரின் காலை நடுவில் கவ்விக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ஏறும் சூட்டைக் குறடு வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பது பிழைக்கும். வலது கையில் சால்டரிங் அயர்ன். ஈயம் உருகிப் பளபளத்ததும் ஒரு கால் வெளியே வந்தது. மூச்சு விட்டாள். அடுத்த காலுக்குப் போனாள்.

"உயிரோட இருந்த ரேடியோ அது," என்றார் எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்த அவள் கணவர். "நேத்து கடையில பாடிச்சு. என் காதால கேட்டேன்."

இரண்டாவது காலும் வெளியே வந்தது.

"பாடிட்டிருந்ததைப் படுக்க வெச்சுட்ட. நான் சொல்றது சொல்லிட்டேன்."

அவர் தையல்காரர். ஊரில் பாதிப் பேருடைய கால்சட்டைக்கு ஜிப் வைத்துக் கொடுத்தவர், தன் வாய்க்கு ஒன்று வைத்துக்கொள்ள மறந்துவிட்டார் என்று மைக்கம்மா சொல்வதுண்டு. இப்போது அதைச் சொல்லக்கூட அவளுக்குக் காற்று மிச்சமில்லை.

அந்த ரேடியோ அந்த வீட்டுக்கு வந்தது ஒரு சொல்லால். சனிக்கிழமை மாலை, கையிலிருந்த ஒரே டிரான்சிஸ்டரை மைக்கம்மா கொன்றுவிட்டாள். மின் அளவு பார்க்கும் மீட்டரின் முள் கம்பி வழுக்கி, நடுக்காலும் பேட்டரியின் ஒன்பது வோல்ட்டும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டன. சத்தமில்லை, புகையில்லை, போய்விட்டது. உதிரிபாகக் கடை மூட அரை மணி நேரம் இருந்தது. கடைச் சந்தடியில் அவள் குரல் எடுபடாது. கணவரை உலுக்கி, "நாலு டிரான்சிஸ்டர். சின்னது. ஓடுங்க," என்றாள்.

ஓடினார். ஆனால் உதிரிபாகக் கடைக்கு இல்லை. டிரான்சிஸ்டர் என்றால் அவருக்கு ரேடியோதான். அவர் வீட்டில் அவர் அப்பா காதோடு ஒட்டி வைத்துச் செய்தி கேட்ட பெட்டிக்கு அதுதானே பெயர்? பழைய சாமான் கடைக்குப் போய், தூசி தட்டி வாங்கி, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார்.

"நாலு இல்லையாம். ஒண்ணுதான் இருந்துச்சு. சின்னதுதான் கேட்டே, இதைவிடச் சின்னது வர்றதில்லையாம். ஆமா, ஒரு வீட்டுக்கு எதுக்கு நாலு?"

மைக்கம்மா ரேடியோவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கடை மூடி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஞாயிறும் திங்களும் விடுமுறை, இனி செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். பரீட்சை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இருபத்தாறு வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அவள் ரேடியோ மெக்கானிக் படிப்பு முடித்து, சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வேலை கேட்டு வந்தவள். கேட்டது ஒலிபெருக்கிகளைப் பராமரிக்கும் ஒயர்மேன் வேலை. தேர்வு செய்ய மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏணி ஏறுவியாம்மா?"

"ஏறுவேன் சார்."

"ஆம்ப்ளிஃபையர் பழுதானா?"

"பிரிச்சுப் பாத்து, எந்த நிலையில சத்தம் நிக்குதோ அங்க பாப்பேன் சார்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் ஒரு தாளைத் தள்ளி, "இதைக் கொஞ்சம் சத்தமா வாசி," என்றார். வாசித்தாள். "அடேயப்பா, மணி மாதிரி இருக்கு குரல்! ஏணியெல்லாம் உனக்கு எதுக்கு? மைக்குல உக்காரு."

உட்கார்ந்தாள். ஒயர்மேன் வேலை அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவனுக்குப் போனது. ஆம்ப்ளிஃபையர் பாடத்தில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். இன்றைக்கும் அவர்தான் அங்கே ஒயர்மேன். கெட்டவர் இல்லை. ஏணி நன்றாக ஏறுவார்.

மைக்கில் உட்கார்ந்தவள் வெறும் நேரத்தையும் எண்ணையும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக அவளுக்கு ஒன்பது நடைமேடை தெரியும். மீதி ஐந்தை நடத்துநர்கள் வாய்வழி தெரிந்துகொள்வாள். "மூணாம் நடைமேடையில பச்சைச் சட்டை போட்டவர் கவனிங்க. உங்க பை மட்டும் ரெண்டாம் நம்பர் பஸ்ல ஊருக்குப் போகுது." "பதினொண்ணாம் நடைமேடையில ஏறினவங்க இறங்குங்க, டயர் போச்சு. பக்கத்துல வெள்ளை வண்டி, அதுல ஏறுங்க. முட்டி மோதாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு." மைக்கம்மா என்ற பெயர் யார் வைத்தது என்று தெரியாது. சம்பளப் பட்டியலைத் தவிர எல்லா இடத்திலும் அவளுக்கு அதுதான் பெயர்.

ஏழு மாதத்துக்கு முன் கழுத்தில் கட்டி வளர்ந்து, அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி கெட்டது இல்லை; ஆனால் போகும்போது ஒரு நரம்பைத் தொட்டுவிட்டுப் போனது. தொண்டையில் குரலுக்கென்று இரண்டு நாண்கள் இருக்கின்றன. இரண்டும் கைதட்டுவதுபோல வந்து சேர்ந்தால்தான் ஒலி. அவளுக்கு ஒன்று அசைவதை நிறுத்திவிட்டது. இடைவெளி வழியாகக் காற்று வீணாகப் போகும். ஐந்து சொல் பேசினால் ஆறாவது சொல்லுக்கு மூச்சு இருக்காது. தண்ணீர் குடிக்கத் தாடையை நெஞ்சுக்குத் தாழ்த்த வேண்டும். மறந்து நிமிர்ந்து குடித்தால் புரையேறும். இதெல்லாம் பழகிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: "கத்தாதீங்க. கத்தினா நல்லா இருக்கிற நாணும் கெட்டுப்போகும்."

விடுப்பு முடியும் தறுவாயில் நிலையக் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு இயந்திரம். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்: "ஐந்தாம் நடைமேடையிலிருந்து வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

மைக்கம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஐந்தாம் நடைமேடை காலியாக இருந்தது.

"வண்டியே இல்லையே சார்."

"என்ன? கேக்கலை."

"வண்டி. இல்லை."

"அது நேரப்படி பேசும்மா. வண்டி வராதது அதோட தப்பா? பாருங்க, நீங்க பழைய ஆளு, உங்களை வெளிய அனுப்பணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்லை. தொலைந்த பொருள் அறையில ஒரு இடம் இருக்கு. குடை, பை, டிபன் பாத்திரம். யார்கிட்டயும் பேச வேண்டாம். உக்காந்த இடத்துல உத்தியோகம்."

"எனக்குப் பேசணும் சார்."

"பேசினா கேக்கலையேம்மா!"

ஒயர்மேனை அழைத்து அப்போதே சோதித்தார்கள். அவள் மைக் முன் உட்கார்ந்தாள். ஒயர்மேன் தன் அறையில் ஆம்ப்ளிஃபையரின் குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஒலிபெருக்கிகளில் 'ம்ம்ம்' என்று வண்டு கூட்டமாக இரைந்தது. அதற்கு அடியில் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து அவள்.

கண்காணிப்பாளர் கையை விரித்தார். எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். மைக்கம்மா அந்த வண்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். மைக்கிலிருந்து ஒயர்மேன் அறைவரை முப்பது மீட்டர் கம்பி, விளக்குக் கம்பிகளை ஒட்டியே போகிறது. போகிற வழியில் கரண்டின் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போகிறது. பழைய குரல் பெரிதாக இருந்ததால் அந்த இரைச்சல் அதன் காலடியில் கிடந்தது. இப்போது குரல் சிறியது, இரைச்சல் அதே அளவு. குமிழைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்துதான் வளரும். அங்கே போய்ப் பெருக்கிப் பயனில்லை. கிளம்புகிற இடத்திலேயே, மைக்குக்குப் பக்கத்திலேயே குரலைப் பத்து மடங்காக்கி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர் போதும்.

"திங்கக்கிழமை," என்றாள் கண்காணிப்பாளரிடம். "பத்து மணி. இன்னொரு தடவை."

"இன்னொரு தடவை பாத்தா மட்டும்?"

"எங்க கேக்கணும்? சொல்லுங்க."

அவர் சலித்துப்போய், "கடைசியில, பதினாலாம் நடைமேடையில நின்னா எனக்குக் கேக்கணும். கேட்டா மைக் உங்களுக்கு. இல்லைன்னா குடை அறை. சம்மதமா?" என்றார்.

"சம்மதம்."

ஒயர்மேன் வெளியே வந்து, "மைக்கம்மா, எதுக்கு இந்த வீம்பு? நான் உன் இடத்துல இருந்தா நிம்மதியா குடையை எண்ணிட்டு உக்காந்திருப்பேன்," என்றார்.

"என் இடத்துலதானே இருக்கே," என்றாள் அவள். "இருபத்தாறு வருஷமா."

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மீண்டும் வருவோம். டிரான்சிஸ்டர் மூன்று காலோடு உள்ளங்கையில் கிடந்தது. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரியது. நிலையங்களைப் பிடிக்கிற பகுதியிலிருந்து அதை எடுத்திருந்தாள். ரேடியோவில் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பின்பாதியைத் தொடவில்லை. சோதித்துப் பார்க்க அது வேண்டும்.

"அந்தப் பொடிசு உன் குரலைப் பெருசாக்குமா?" என்றார் கணவர். "அதுக்குள்ள அவ்வளவு தெம்பு எங்க இருக்கு?"

அவள் பதில் சொல்ல மூச்சைச் செலவழிக்கவில்லை. எழுந்து போய் அவருடைய மோட்டார் வைத்த தையல் இயந்திரத்தின் மிதியை விரலால் லேசாக அமுக்கினாள். ஊசி சரசரவென்று ஓடியது. விரலை எடுத்தாள், நின்றது.

"சரி, ஓடுது. அதுக்கென்ன?"

"ஊசியை ஓட்டுறது. என் விரலா?"

"மோட்டார் ஓட்டுது. கரண்டு."

"விரல் என்ன பண்ணுது?"

"எவ்வளவுன்னு சொல்லுது," என்றார் அவர். பிறகு பித்தானை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஓ," என்றார்.

அதுதான் டிரான்சிஸ்டர், இதற்கு மேல் மந்திரம் இல்லை. மூன்று கால்: எமிட்டர், பேஸ், கலெக்டர். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே பேட்டரியின் பெரிய மின்னோட்டம் போகக் காத்திருக்கும். நடுவில் உள்ள பேஸ்தான் மிதி. பேஸுக்குள் துளி போனால் அந்தப் பக்கம் ஒரு குடம் நிறையப் போகும். துளி குறைந்தால் அதுவும் குறையும். தெம்பு பேட்டரியுடையது. குரல் அதற்கு எவ்வளவு என்று சொன்னால் போதும். அவளிடம் தெம்பு இல்லை. எவ்வளவு என்று சொல்லத் தெரியும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. குரல் ஏறும், இறங்கும். மிதியில் காலே வைக்காமல் இருந்தால் ஏறுவது மட்டும்தான் தெரியும். இறங்குவதற்கு இடம் இருக்காது, பாதிக் குரல் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதனால் யாரும் பேசாதபோதே மிதி பாதி அமுங்கி நிற்கும்படி இரண்டு மின்தடைகளால் பேஸுக்கு ஒரு சிறு மின்னழுத்தம் கொடுத்து வைக்க வேண்டும். அந்த நிலையிலிருந்து குரல் மேலும் அமுக்கும், தளர்த்தும். அப்புறம் கலெக்டர் பக்கம் ஒரு பெரிய தடை, எமிட்டர் பக்கம் அதில் பத்தில் ஒரு பங்கு சிறிய தடை. இந்த இரண்டின் விகிதம்தான் பெருக்கம்: பத்து மடங்கு. எமிட்டர் தடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் டிரான்சிஸ்டர் தலைகால் தெரியாமல் ஆட ஆரம்பித்தால், ஓட்டம் கூடக் கூட அதுவே பிடித்து இழுத்து அடக்கும். இதில்தான் அந்தக் காலத்தில் ஒயர்மேன் கோட்டை விட்டார்.

நாலு மணிக்கு எல்லாவற்றையும் ஒரு சோப்புப் பெட்டிக்குள் பற்றவைத்து முடித்தாள். மைக்கைச் செருகினாள். மறுமுனையை ரேடியோவின் ஒலிக் குமிழில் கொடுத்தாள். பேட்டரியை மாட்டிப் பேசினாள்.

ஒன்றுமில்லை.

"பேசினியா?" என்றார் கணவர்.

மீண்டும் பேசினாள். ரேடியோ வாய் திறக்கவில்லை.

"நான் அப்பவே நெனச்சேன், ஆனா சொல்லலை."

அவர் ஒன்றை நினைத்துச் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு முறைதான் என்று அவளுக்குத் தோன்றியது. முள் கருவியை எடுத்துக் கலெக்டரைத் தொட்டாள். முழு ஒன்பது வோல்ட். அப்படியென்றால் உள்ளே ஓட்டமே இல்லை. மிதி அமுங்கவே இல்லை. ஈயம் ஒட்டியிருக்கிறதா பார்த்தாள். தடைகளின் வண்ண வளையங்களைப் படித்தாள். கால்களைச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. அரை மணி நேரம் முள்ளை வைத்துக் குத்திக் குத்திப் பார்த்தாள். கழுத்துத் தழும்பு வலித்தது. நனைத்த துணியை வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். கணவர் இரண்டு முறை தேநீர் வைத்தார்; இரண்டும் ஆறிப்போய் ஆடை கட்டின.

கடைசியில் டிரான்சிஸ்டரைத் தனியே கழற்றி, காலுக்குக் கால் முள் வைத்தாள். பேஸிலிருந்து எமிட்டருக்குப் போக வேண்டிய ஓட்டம் போகவில்லை. கம்பிகளை மாற்றிப் பிடித்தாள். போனது.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டிரான்சிஸ்டர் நல்ல உயிரோடுதான் இருந்தது. ஆனால் எதிர்ச்சாதி. இரண்டு வகை உண்டு. மின்சுற்றுப் படத்தில் அம்பு வெளியே பார்ப்பது ஒன்று, உள்ளே பார்ப்பது ஒன்று. இப்போது எங்கே பார்த்தாலும் முதல் வகை. கை பழக்கத்தில் அதற்கேற்றபடியே கட்டிவிட்டாள். கணவர் கண்டெடுத்ததோ அவர் அப்பா காலத்து ரேடியோ. அந்தக் காலத்துக்காரர்கள் எல்லாம் இரண்டாம் வகை. அதற்கு எல்லாமே தலைகீழாக வேண்டும்: இதற்குப் பிளஸ் என்றால் அதற்கு மைனஸ்.

"என்ன, போச்சா?" என்றார் கணவர், முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தி.

"போகலை. மாத்தி மாட்டணும்."

"எதை?"

"எல்லாத்தையும்."

பேட்டரியின் இரண்டு கம்பியையும் இடம் மாற்றினாள். பிளஸ் மைனஸ் பார்த்துப் போட வேண்டிய மின்தேக்கிகள் இரண்டு இருந்தன. அவற்றையும் கழற்றித் திருப்பிப் போட்டாள். பெட்டிக்குத் தனி பேட்டரி என்பதால் ஒயர்மேனின் ஆம்ப்ளிஃபையருக்கு இந்தத் தலைகீழ் தெரியப் போவதில்லை. பேசினாள். ரேடியோ கரகரவென்று சிடுசிடுத்தது. யாரோ தகரத்தைக் கசக்குவதுபோல. இந்த முறை அவள் உடனே புரிந்துகொண்டாள். பழைய ஆட்களுக்குப் பேஸில் சிறு தூண்டுதலே அதிகம். இந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்குக் கணக்குப் பண்ணி வைத்த மிதி இதற்கு அடிவரை அமுங்கிவிட்டது. ஒரு தடையைக் கழற்றிச் சிறியதாகப் போட்டாள், பிறகு இன்னும் சிறியதாக. கலெக்டரில், முழு ஓட்டமும் முழு அடைப்பும் இல்லாத நடு இடத்தில் முள் வந்து நின்றது.

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஜிப்பை மூடுங்க," என்றது ரேடியோ.

தெளிவாக, காற்று கலந்து, ஆனால் வாசல்வரை கேட்கும்படி. கணவர் பாதி எழுந்து, தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குலுங்கலுக்கு ஏற்ப ரேடியோ புஸ்புஸ் என்று சிரித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழு மாசத்துல மொத வாட்டியாத் திட்டுறது காதுல விழுது," என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சோப்புப் பெட்டியோடு அறிவிப்பு அறையில் நின்றாள். ஒயர்மேன் அதைப் பார்த்துவிட்டுக் குறுக்கே கை நீட்டினார்.

"ஆபீஸ் சாமான்ல வெளி சாமான் மாட்டக்கூடாது. விதி இருக்கு."

"உன் பெட்டியைத் தொடலை. மைக்குப் பக்கத்துல. வழியில வெக்கிறேன்."

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"நீ ரெண்டு தடவை எழுதினது."

ஒயர்மேன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர், ஒவ்வொரு கம்பியாக விரலால் தொடர்ந்துகொண்டே போனார். "எமிட்டர்ல தடை போட்டிருக்க," என்றார். "அதைத்தான் நான் விட்டுட்டேன் அப்போ." பிறகு தன் அறைக்குப் போய்க் குமிழை வழக்கமான இடத்தில், பாதியில், வைத்தார்.

கண்காணிப்பாளர் பதினான்காம் நடைமேடைக்கு நடந்தார். இரண்டு வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. அவர் அவற்றுக்கு நடுவில் போய் வேண்டுமென்றே நின்றார். அந்த நடைமேடை ஜன்னலுக்குத் தெரியாது; அங்கிருந்து வந்த நடத்துநர் ஒருவர் அவர் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனதும் மைக்கம்மா கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஒரு வாய், தாடையைத் தாழ்த்தி. மைக்கை உதட்டோரம் சாய்த்து வைத்தாள், மூச்சுக் காற்று நேராக அதில் அடிக்காதபடி. நாலு நாலு சொல்லாகப் பேச வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தாள்.

"பயணிகள் கவனிக்கவும். பத்து பத்து வண்டி. ஆறாம் நடைமேடையில இல்லை. பன்னிரண்டுக்கு மாறிடுச்சு. குழந்தை வெச்சிருக்கவங்க. முன்னாடி ஏறுங்க. பதினாலாம் நடைமேடை. ரெண்டு வண்டிக்கு நடுவுல. நிக்கிற சார். தள்ளி நில்லுங்க. வண்டி எடுக்கப் போறாங்க."

கண்ணாடிக்கு அப்பால் ஆறாம் நடைமேடைக் கூட்டம் மொத்தமாகத் திரும்பிப் பன்னிரண்டை நோக்கி நகர்ந்தது. பதினான்கில் கண்காணிப்பாளர் துள்ளித் தள்ளி நின்றார்.

அவர் திரும்பி வர ஐந்து நிமிடம் ஆனது. முகத்தைப் பார்த்தே மைக்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அது தோற்றவர் முகம்தான், ஆனால் ஒப்புக்கொள்கிறவர் முகம் இல்லை.

"கேக்குது," என்றார். "ஆனா நல்லா இல்லைம்மா. காத்து மாதிரி இருக்கு. பேய் பேசுற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் என்கிட்டயே சொன்னாரு."

"நல்லா இருக்கணும்னு. நீங்க சொல்லலை சார். கேக்கணும்னுதான் சொன்னீங்க."

"அது சரி. ஆனா மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கணும். இந்த இயந்திரத்துக்கு ஏற்கெனவே அனுமதி வந்தாச்சு. அதுவரைக்கும் நீங்க…" மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளையும் ஒரு சாவியையும் எடுத்து வைத்தார். தொலைந்த பொருள் அறைக்குத் தற்காலிகப் பொறுப்பு. நாளை காலை முதல். கீழே கையெழுத்து.

"எத்தனை நாள்?"

"சொல்ல முடியாதும்மா. ஒரு மாசம், ரெண்டு மாசம். அதுவரைக்கும் இயந்திரம் பேசட்டும்."

"பொய் பேசுதே சார். இல்லாத வண்டியை. இருக்குன்னு சொல்லுது."

"இனிமையாச் சொல்லுதில்ல?" என்றார் அவர், தான் சொன்னது தனக்கே வேடிக்கையாகப் பட்டதுபோல மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

அவள் பேனாவை எடுத்தாள். எழுத்துக்கு மூச்சு தேவையில்லை. கையெழுத்துக்கு மேலே தெளிவாக எழுதினாள்: 'பெற்றுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை.' சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை கணவர் கோபத்தில் துள்ளிக் குதித்தார். நாளைக்குத் தானே போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக் கேட்கப் போவதாகச் சொன்னார். "அது நான் தெச்ச சட்டைதான். எங்க பிடிச்சா கிழியும்னு எனக்குத் தெரியும்." அவள் கையை அசைத்து உட்காரச் சொன்னாள். புதுப் பேட்டரி ஒன்றை எடுத்து முள் வைத்துப் பார்த்தாள். ஒன்பது வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தது. பெட்டிக்குள் மாட்டினாள். கம்பி மாறிவிடாதபடி மூடியின் உட்புறத்தில் பெரிதாகப் பிளஸ், மைனஸ் எழுதி ஒட்டினாள். உத்தரவுத் தாளை இரண்டு முறை படித்தாள். பொறுப்புக் கொடுத்தால் பொறுப்பாகப் பார்க்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை ஐந்து இருபதுக்கு மைக்கம்மா நிலையத்துக்குள் வந்தாள். அறிவிப்பு அறையில் அவள் நாற்காலியின் மேல் அந்த இயந்திரம் உட்கார்ந்திருந்தது. மேசையில் இடமில்லை என்று யாரோ அதில் வைத்திருந்தார்கள். செருகியைப் பிடுங்கினாள். கம்பியை அழகாகச் சுற்றிக் கட்டினாள். இயந்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொலைந்த பொருள் அறைக்கு நடந்தாள். சாவி போட்டுத் திறந்து, குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே, எறும்பு ஏறாத உயரமான தட்டில் வைத்தாள். பதிவேட்டைத் திறந்து அடுத்த எண்ணைப் போட்டு எழுதினாள்:

'பொருள்: பேசும் பெட்டி, ஒன்று. நிலை: நன்று. கிடைத்த இடம்: என் நாற்காலி. உரிமையாளர் அலுவலக நேரத்தில் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.'

கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து நாற்காலியைத் துடைத்தாள், உட்கார்ந்தாள், சோப்புப் பெட்டியை மைக்கோடு இணைத்தாள். ஒயர்மேன் தன் அறையில் ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் ஒலிபெருக்கிகளில் 'டப்' என்று சத்தம் வந்தது. யாரும் சொல்லாமலே குமிழை அவர் பாதிக்குத் திருப்பி வைத்தார். ஐந்து நாற்பது வண்டி நாலாம் நடைமேடையில் உண்மையாகவே நிற்கிறதா என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். நின்றது. தாடையைத் தாழ்த்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மைக்கை உதட்டோரம் சாய்த்தாள்.

"பயணிகள் கவனிக்கவும்," என்றாள்.